பாடு பட்டியலில் கை வைத்த மேதாவி

எங்கள் மீனவர் கிராமமான தோணிரேவில் எந்த நாளில் யார் ஏரியில் வலை விடுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். அந்தப் பட்டியலை எக்செல்லில் வைத்திருப்பவள் நான். துறைமுக ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை என்று பீற்றிக்கொள்ளும் என் கொழுந்தனார், "பேரை அகர வரிசையா அடுக்கித் தரேன் அண்ணி, தேட ஈசி" என்று உட்கார்ந்தார். பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிச் சேமித்தார். பெயர்கள் இடம் மாறின. தேதிகள் அப்படியே நின்றன.

அச்செடுத்து ஒட்டப் போகும்போது என் வீட்டுக்காரர், "இன்னா இது, நாளைக்கு நம்ம பாடாச்சே, வேற பேரு கீது" என்றார். ஒட்டியிருந்தால் ஏரியில் அடிதடிதான். சுவரில் பழைய தாள் கிழியாமல் இருந்ததால், அதைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தித் தப்பித்தோம்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சு அண்ணி" என்றார் மேதாவி. அதற்கு வாய் இருந்தால் காறித் துப்பியிருக்கும்.

இப்போது முதலில் ஃபைலை நகலெடுக்கிறேன். பெயர், தேதி எல்லாவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து அடுக்குகிறேன். கொழுந்தனார் வந்தால் டீ உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கிடையாது.