முறைச்சோறும் ஆறாவது உயிலும்

1981 நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். விடாத தூறல். பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். அங்கே இறங்கிச் செந்துறை பஸ். தம்பி வீட்டிலிருந்து அப்பாவை அழைத்துவரும் நாள் அது.

நாங்கள் மூன்று மகன்கள். அண்ணன் அரும்பாவூரில், தம்பி செந்துறையில், நான் பெரம்பலூரில். அம்மா போனபின் அப்பாவுக்கு மாதம் ஒரு மகன் வீட்டில் சோறு என்று முறை வைத்தோம். கணவனை இழந்த எங்கள் தங்கை செந்துறையில் அப்பாவின் ஓட்டு வீட்டிலேயே இருந்தாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மூன்று மகன்கள் இருக்க, அப்பா மகள் சோறு சாப்பிடுவது எங்களுக்குக் கேவலம் என்று தடுத்துவிட்டோம். ஆனால் அப்போதெல்லாம் மாதம் முடியுமுன் 28ஆம் தேதியே அவரைப் பையோடு பஸ் ஏற்றிவிடுவோம். பிப்ரவரி யார் முறையில் வருகிறது என்று பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் நாங்கள்.

அப்பாவின் நிலம் மூன்று ஏக்கர் எழுபது சென்ட். அந்த ஆண்டு மே மாதம் அதில் சிமென்ட் ஆலைக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அன்றிலிருந்து அப்பாவின் இலையில் முட்டை விழுந்தது. பூர்வீகச் சொத்தென்றால் தன் பங்கை மட்டுமே எழுதமுடியும். இதுவோ வீடும் நிலமும் அவர் சம்பாதித்து வாங்கியவை, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எத்தனை உயில் எழுதினாலும் கடைசியாக எழுதியதே செல்லும். இந்த இரண்டு சட்டங்களும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டன.

வீடு மகளுக்கு, நிலம் மகன்களுக்குச் சமமாக என்று அப்பா முன்பே ஓர் உயில் எழுதியிருந்தார். ஜூனில் அண்ணன் அவரைப் பெரம்பலூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் தனக்குச் சாதகமாக இரண்டாவது எழுதவைத்தார். ஜூலையில் தம்பி அரியலூரில் மூன்றாவது. ஆகஸ்ட் என் முறை, நான் எழுதவில்லை. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். செப்டம்பரில் அண்ணன் நான்காவது.

தம்பி வீட்டில் அப்பா முன்னால் ஆட்டுக்கால் சூப்பும் இரண்டு அவித்த முட்டையும் இருந்தன. அவருடைய இடது கட்டைவிரலில் மை காயாத மாதிரி இருந்தது. ஐந்தாவது முடிந்துவிட்டது என்று தெரிந்தது. இவர்களை நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சுல சளி. இந்த மாசமும் இங்கயே இருக்கட்டும். ஒங்களுக்கு ஏன் செரமம்?" என்றான் தம்பி.

"சளிக்கு டாக்டர்ட்ட காட்டுனியா, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல காட்டுனியா?"

"ஒங்க மாசத்துல நீங்களும் கூட்டிட்டுப் போங்க. யாரு வேணாங்கறா? வூட்ட எம் பையனுக்கு அவராத்தான் எழுதுனாரு."

வாசலில் நின்ற தங்கை உள்ளே வரவில்லை. "அந்த வூடும் போனா நான் எங்கண்ணே போவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

வாடகைக் கார் பிடித்து அப்பாவைத் தூக்கி வைத்துக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு நானும் ரிஜிஸ்தர் ஆபீசில் நின்றேன். சாட்சி இருவர், இரண்டு பேரும் நாற்பதுக்குக் கீழே. நாளைக்கு வழக்கு வந்தால் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் உயிரோடு இருக்கவேண்டுமே. பத்திரம் எழுதுபவர் நான் சொல்லச் சொல்ல எழுதினார். வீடு தங்கைக்கு. நிலம் மூன்று பங்கு. கிணறு உள்ள நாற்பது சென்ட் மட்டும் தனியாக எனக்கு. இவ்வளவு அலைகிறவனுக்கு ஏதாவது வேண்டாமா என்று சேர்த்தேன். அப்பாவைக் கேட்கவில்லை.

சார்பதிவாளர் உரக்கப் படித்துவிட்டு, "பெரியவரே, இது உங்க இஷ்டப்படி எழுதினதுதானே?" என்றார்.

அப்பா என்னைக் கையால் காட்டினார். "இந்த மாசம் இவன் வூட்டுலங்க சோறு."

சாட்சிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவைத் தவிர எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். தாழ்வாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் நின்றேன். அண்ணன், தம்பி மேல் இருந்த அருவருப்பில் என் பங்கு எவ்வளவு என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுக்குக் குறையவில்லை.

பத்திரம் எழுதுபவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா சொல்லச் சொல்ல ஆறாவது உயில் வேறு தாளில் எழுதப்பட்டது. வீடு மகளுக்கு. கிணறும் நாற்பது சென்டும் மகளுக்கு. மீதி மூன்று மகன்களுக்கும் சமம். பிறகு எங்களையும் உள்ளே விட்டார்கள். அப்பா ரேகை வைத்துவிட்டு விரலைத் தன் வேட்டியில் நிதானமாகத் துடைத்தார். சாட்சிகள் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்ததும், "காரு கூப்புடு, செந்துறைக்கு" என்றார்.

"இது என் மாசம்ப்பா."

"ஒம் மாசத்த நீயே வச்சுக்க. நான் எம் மக வூட்டுக்குப் போறேன்."

சாகும்வரை பதினான்கு மாதம் அங்கேயே இருந்தார். எங்களில் யாரும் அவரை மறுபடி பஸ் ஏற்றவில்லை. ஏழாவது உயில் எழுதப்படவில்லை. தங்கை அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

அந்த இரண்டு நாளில் எனக்கு ஆன செலவு: பஸ் நான்கு ரூபாய் அறுபது காசு, கார் இரண்டு தடவை இருநூற்றிருபது, எழுத்துக்கூலி முப்பது, திருப்பி எழுத இருபது, பதிவுக்குப் பதினைந்து, சாட்சிகள் சாப்பாடு ஆறு எண்பது. ஆக மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய் நாற்பது காசு.