வால் முளைத்த இங்கிலீஷ்

அரையாண்டு விடுமுறை முடிவதற்குள் ஸ்பானிஷ் மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது ஐந்தாம் வகுப்பு. திருப்போரூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசினால் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். நான் அதிகம் வெளியே நின்றதில்லை. அதனாலேயே எனக்கு இங்கிலீஷ் சரளமாக வரும் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு பரவியிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

விடுமுறை விட்டதும் என்னை மாமல்லபுரத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாவின் தங்கை அவர். கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் வீடு. கீழே அத்தையும் மாமாவும் இருந்தார்கள். மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாமா கார் ஓட்டினார். வந்தவர்களைக் காஞ்சிபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் அழைத்துப் போவது அவர் வேலை. அறைகளைப் பெருக்குவது, விரிப்புகளைத் துவைப்பது, மாடிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாத நாட்களில் வாளி வாளியாகத் தூக்கிப் போவது எல்லாம் அத்தை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு அது ஒரு வசதியாகத்தான் பட்டது. அந்த வீட்டில் வாங்கும் தின்பண்டம் எதையும் யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் அவர்கள் மாதாமாதம் போய் வருவது தெரியும்; அத்தைக்கு ஏதோ சத்துக் குறைவு என்று நினைத்திருந்தேன். தம்பி பிறக்கும் முன் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வளையல் போட்டார்கள். தெருவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடத்தில் இருக்க, அத்தை மட்டும் கடைசிவரை பின்கட்டில் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். அத்தைக்குச் சமையல் என்றால் அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வருடம் மாடிக்கு வந்தவர்கள் ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு தம்பதி. அந்தப் பெண்மணியின் பெயர் ரோசா. பெயரைக் கேட்டதும் அத்தைக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"ரோசாவா? நம்ம ஊரு பேரு கணக்கா கீதே!"

ரோசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னே நரைத்த குட்டை முடி, பெரிய சிரிப்பு. அவளுக்கும் கணவருக்கும் இங்கிலீஷ் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. வெள்ளைக்காரர்களுக்கே இங்கிலீஷ் தெரியாமல் போகும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அவர்கள் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கையடக்கமான ஒரு புத்தகத்தைப் புரட்டி விரலால் காட்டுவார்கள். ஒரு பக்கம் ஸ்பானிஷ், எதிர்ப்பக்கம் இங்கிலீஷ். அதைப் படித்துச் சொல்வதற்குத்தான் மாமா என்னைக் கூப்பிட்டார்.

பக்கங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஹோட்டலுக்கு ஹோட்டலேதான். டாக்டருக்கு டாக்டர்தான், அனிமலுக்கு அனிமல்தான். எலிஃபண்ட் என்றால் எலிஃபாந்தே, மொமெண்ட் என்றால் மொமெந்தோ, ஃபேமிலி என்றால் ஃபமிலியா. 'ஷன்' என்று முடிகிற சொற்களெல்லாம் 'சியோன்' என்று முடிந்தன. 'எட்' என்று முடிகிறவை 'ஆதோ' என்று நீண்டன. பெண்ணாக இருந்தால் 'ஆதா'. இதற்கு ஏன் தனியாக ஒரு நாடு, தனியாக ஒரு மொழி என்றிருந்தது எனக்கு. மாமாவிடம் போய், "மாமா, இங்கிலீஷுக்கு வால் வெச்சா ஸ்பானிஷ்" என்று அறிவித்தேன்.

மாமா உடனே கணக்குப் போட்டார். "அப்ப ஸ்பெயின்காரன் எவன் வந்தாலும் நேரா நம்ம வூட்டுக்குத்தான். போர்டுல எழுதி மாட்டிடலாம், இன்னா சொல்ற?"

முதல் சறுக்கல் மறுநாளே வந்தது. ரோசா வயிறு கெட்டுப்போய் மாடியிலேயே படுத்துவிட்டாள். கணவர் மட்டும் மாமாவோடு காரில் கிளம்பினார். துணைக்கு உட்கார்ந்திருந்த என்னிடம் ரோசா பலவீனமாக, "சோப்பா, சோப்பா" என்றாள். வாலை வெட்டிப் பார்த்தேன். சோப். ஓடிப்போய்க் கடையில் சந்தன சோப்பு ஒன்று வாங்கிவந்து நீட்டினேன். அவள் அதை முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கையைக் கரண்டிபோல் வளைத்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அத்தைதான் புரிந்துகொண்டார். மிளகு தட்டிப் போட்ட ரசத்தைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார். சோப்பா என்பது சூப். ரோசா இரண்டு டம்ளர் குடித்தாள்.

இன்னொரு முறை அவள் "மேசா" என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தை மூலையில் கிடந்த சின்ன மேஜையை இழுத்துவந்து அவள் முன்னால் போட்டார். ரோசா கைதட்டினாள். "மேஜைன்னுதானே கேக்குறா? இதுல இன்னா புரியல உனக்கு?" என்றார் அத்தை. அது ஏதோ தற்செயலாக நடந்தது என்று நான் அதை என் விதிகளில் சேர்க்கவில்லை.

ரோசா தேறியபின் ஒரு மாலை, மாடியில் அத்தை காய்ந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். ரோசாவின் கணவர் கேமராவைத் தூக்கியதும் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். ரோசாவுக்கு ஏனென்று விளங்கவில்லை. கோபமா, படம் எடுக்கக் கூடாதா என்று கையாலேயே கேட்டாள். அத்தை வெட்கப்படுகிறார் என்று சொல்ல வேண்டும். வெட்கத்துக்கு என் இங்கிலீஷ் மிஸ் சொல்லிக்கொடுத்த சொல் எம்பாரஸ்ட். எழுத்தில் 'எட்' என்று முடிகிறது, அத்தை பெண், ஆகவே வால் தயார்.

"எம்பரசாதா!" என்று அத்தையைக் காட்டினேன்.

ரோசாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். கணவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்னவோ உரக்கச் சொல்லிக் கைகுலுக்கினார். அவருக்கும் கண்கள் பளபளத்தன. வெட்கப்படுவதற்கு ஸ்பெயினில் இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அத்தை இன்னும் அதிகமாக வெட்கப்பட்டார்.

அடுத்த நாளிலிருந்து ரோசாவின் போக்கே மாறிவிட்டது. அத்தை வாளியோடு படியேறினால் பாய்ந்துவந்து பிடுங்கிக்கொள்வாள். நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்வாள். கடைத்தெருவிலிருந்து ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து உரித்து, சுளைசுளையாக அத்தையின் கையில் வைப்பாள். பெட்டியிலிருந்து கம்பளி நூலையும் ஊசியையும் எடுத்து மொட்டைமாடி நிழலில் எதையோ பின்னத் தொடங்கினாள். மார்கழியிலும் வியர்த்து ஊற்றும் ஊரில் கம்பளியா என்று நான் வேடிக்கை பார்த்தேன்.

"இன்னாடி இவ, இப்டித் தாங்குறா?" என்று அத்தையும் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பிற்பகலில் தெரிந்தது. ரோசா பின்னிய வரையில் விரித்துக் காட்டினாள். என் முஷ்டி அளவுக்கு ஒரு குல்லா. அதை மடியில் வைத்துவிட்டு, தன் வயிற்றின் முன்னால் காற்றில் பெரிய வட்டம் ஒன்று வரைந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல் ஆட்டினாள். பிறகு அத்தையின் வயிற்றில் உள்ளங்கையை மெல்ல வைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. எம்பரசாதாவுக்கு நான் நினைத்த பொருள் இல்லை. அத்தையைப் பார்த்தேன். கையைத் தட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. அந்தக் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

கீழே வந்ததும் அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "நான்தான் தப்பா சொல்லிட்டேன் அத்தே. வெக்கம்னு சொல்லப் போயி... இப்பவே போயி இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"அவங்க உங்களுக்குப் பாப்பா பொறக்கப் போவுதுன்னு நெனச்சிகினு இருக்காங்க!"

"தெரியுது. எனக்கு கண்ணு இல்லியா?" அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். "ஞாயித்துக்கெழம ஊருக்குப் போவப் போறாங்க. அதுவரைக்கும் நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க, வுடு. மாமா கிட்ட மூச்சு வுடாத."

எனக்கு மனம் ஒப்பவில்லை. தவறான விடையைத் திருத்தாமல் விடுவது எங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்காது. அதுவும் என் மொழிபெயர்ப்பு. ஆனால் அத்தை அரிசிப் பானையை எடுக்கத் திரும்பிவிட்டார். அரிசி களையும்போது ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

மாமாவிடம் நான் சொல்லவில்லை. ரோசாவின் கணவர் சொல்லிவிட்டார். மறுநாள் காஞ்சிபுரம் போகும் வழியில் அவர் மாமாவின் தோளைத் தட்டி, "பப்பா, பப்பா" என்றிருக்கிறார். அவர்கள் மொழியில் அது அப்பா. வீட்டில் பாப்பா என்று கூப்பிடும் என்னைத்தான் விசாரிக்கிறார் என்று மாமா, "பாப்பா வூட்ல கீது, நோ பிராப்ளம்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் விடாமல் காற்றில் வட்டம் வரைந்து காட்டியபோதுதான் மாமாவுக்கு விளங்கியது. பிற்பாடு ஒரு தீபாவளியில் மாமாவே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் குரல் சந்து முனை வரைக்கும் கேட்கும் குரல். அன்று நான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்தாளு இன்னாமோ சொல்றாரு. நெஜமா?"

அத்தை கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இல்லங்க. பாப்பா ஏதோ சொல்லப் போயி, அவங்க வேற மாரி புரிஞ்சிகினாங்க."

"இல்லன்னு சொல்ல வேண்டிதானே?"

"சொல்லலாம்னுதான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"ரெண்டு நாளு யாரோ ஒருத்தி என்ன அப்டிப் பார்த்துட்டுப் போட்டுமேன்னு இருந்துச்சி."

இப்போது சத்தம் போடப் போகிறார், எனக்கும் சேர்த்து விழப் போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மாமா வெளியே வந்தார். என்னைக் கடந்து கொல்லைக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். காஞ்சிபுரம் ரோட்டில் வேலை நடக்கிறது, புழுதி ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாடிக்குத் தண்ணீர் தூக்கியது மாமா. அந்த வீட்டில் மாமாவின் கையில் வாளியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரோசாவின் கணவர் மாடியிலிருந்து "பப்பா!" என்று கூவினார். மாமா நிமிர்ந்து, "எஸ் எஸ், தேங்க்யூ" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறார்கள். அத்தையோ பூ வைத்துக்கொண்டு, ரோசா போட்ட நாற்காலியில் அமர்ந்து, ஆரஞ்சுச் சுளையை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற ஒருவரின் முகம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா அவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துப்போகக் காரை எடுத்தார். ரோசா பின்னி முடித்த குல்லாவை அத்தையின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நெடுநேரம் பேசினாள். ஒரு சொல்லாவது தெரிந்த சொல்லாக வருமா என்று நான் கவனித்தேன். எந்தச் சொல்லுக்கும் வாலை வெட்ட முடியவில்லை. அத்தைக்கு என்ன புரிந்ததோ, ஒவ்வொன்றுக்கும் "சரி ரோசா, சரி" என்று தலையாட்டினார். கார் திரும்பும்வரை வாசலில் நின்றார்.

மதியம் மாமா திரும்பிவந்தபோது வீட்டில் சமையல் ஆகவில்லை. அத்தையைத் தேடி மாடிக்குப் போன மாமா உடனே இறங்கி வந்து, "அத்தைக்கு ஒடம்பு முடியல. எழுப்பாத" என்று சொல்லிவிட்டு, தானே அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓசைப்படாமல் மாடிக்குப் போனேன். ரோசா தங்கியிருந்த அறையை இன்னும் பெருக்கவில்லை. அத்தை அந்தக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. குனிந்து, அம்மா எனக்குச் செய்வதுபோலப் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. தலையணைதான் ஈரமாக இருந்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கிப்போய், "மாமா, காய்ச்சலே இல்ல! நான் தொட்டுப் பார்த்துட்டேன்" என்று சொன்னேன்.

மாமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்டியா? அப்ப நல்லதாப் போச்சி" என்றார். கடைக்குப் போய்த் தயிர் வாங்கிவரச் சொன்னார். நல்ல சேதி சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நான் சந்து முழுக்கக் குதித்துக்கொண்டே போனேன்.