ஏழாம் கட்டிலில் நடந்த கூத்து

காலை ஆறு மணி இருபது. பாலையூற்றில் அக்கா வீட்டுக் கிணற்றடி. அத்தான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முந்தின இரவு கோயில் பெருநாள் கூத்தில் ராசா வேடம் கட்டியவர். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் நெற்றியிலும் கழுத்திலும் மஞ்சள் நின்றது.

"அரிதாரம் இன்னும் போகேல்ல. தேங்காயெண்ணெய் பூசித் துடையுங்கோ" என்றார் அக்கா.

நான்கு நாள் துடைத்தார். ஐந்தாம் நாள் வெளிச்சத்தில் நின்று என்னைப் பார்த்தபோது அவருடைய வெள்ளை விழியும் மஞ்சளாயிருந்தது. கண்ணுக்குள் யாரும் அரிதாரம் பூசுவதில்லை. அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அத்தான் துறைமுகப் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றர். ஊருக்கு அவர் ராசா. வெருகலிலிருந்து கூட வண்டி கட்டி அவர் ஆட்டம் பார்க்க வருவார்கள். குடியும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே பேசப்பட்டது. ஒருமுறை முடியோடும் உடுப்போடும் கடலில் குதித்து, நங்கூரமிட்டிருந்த கப்பல்வரை நீந்தி, அங்கிருந்தவர்களிடம் திறை கேட்டார். இன்னொருமுறை சிம்மாசனத்திலேயே உறங்கிப்போனார். மற்றவர்கள் அவரைச் சுற்றி ஆடிக் கூத்தை முடித்தார்கள். ராசா இறந்துவிட்டதாகக் கதையை மாற்றினார்கள். நான் அப்போது ஒரு தினசரியின் திருகோணமலை நிருபர். இவற்றையெல்லாம் துணுக்குகளாக எழுதினேன். வாசகர்கள் விரும்பினார்கள்.

எவ்வளவு குடிப்பவர் என்று டொக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல், "பெருநாளுக்கு மட்டும்" என்றார். நான் திருத்தவில்லை. ஊர் முழுக்க வாசிக்க அச்சிட்ட ஒன்றை, கேட்க வேண்டிய ஒரே மனிதரிடம் மறைத்தோம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், நோயாளர்களைப் பார்க்க விடும் நேரம். அத்தான் ஏழாம் கட்டிலின்மேல் எழுந்து நின்றார். வாசலைக் காட்டி, படை வருகிறது, கதவை அடையுங்கள் என்று கட்டளையிட்டார். விரிப்பிலிருந்து எதையோ தட்டித் தட்டி விட்டார். எட்டாம் கட்டிலில் கால் முறிந்து கிடந்த கிண்ணியா வள்ளக்காரர் சந்தோசமாகக் கையைத் தட்டினார்.

"ராசாக்குச் சுகம் வந்திட்டுது. கொஞ்சம் உரக்கப் பாடுங்க, கடைசிக் கட்டிலுக்கும் கேக்கட்டும்."

வாசலில் ஆட்கள் கூடினார்கள். அக்கா கூடச் சிரித்தார். அத்தானின் கூத்துகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் சொன்ன வரிகள் எதிலும் இல்லை. அதைக் கவனித்தேன். புதிதாகக் கட்டுகிறார் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

தாதி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அத்தானின் கையைப் பிடித்துப் பார்த்தார். உடம்பு முழுக்க வியர்வை. விரல்கள் நிற்காமல் நடுங்கின.

"இவர் நடிக்கேல்ல" என்றார் என்னிடம். "உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு குடிக்கிறவர்?"

"ஒரு நாளைக்கு ஒரு போத்தல் சாராயம். பத்து வருசமா."

"இதை முதல் நாளே சொல்லியிருக்க வேணும்."

அத்தானுக்கு வந்திருந்தது குடிவிலகல் சன்னி (பழகிய சாராயம் திடீரென நின்றதும் வரும் நடுக்கமும் பிதற்றலும், இல்லாதவற்றைக் காண்பதும்). உரிய மருந்து கொடுக்காவிட்டால் ஆளைக் கொல்லக்கூடியது. ஊசி போட்டார்கள், கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு நாள் அவர் எங்களை அடையாளம் காணவில்லை.

அடியில் இருந்த நோய் ஈரல் இறுக்கம் (ஈரலின் சதை தழும்பேறிக் கெட்டியாவது). கூடவே மகோதரம் (வயிற்றறைக்குள் நீர் கோப்பது). ஊசியால் நீரை எடுத்தார்கள். பத்து நாளில் திரும்பக் கோத்தது. உப்பில்லாத சோறு. பார்க்க வந்த ரசிகர் ஒருவர் கண் துளைத்த இளநீர் கொண்டுவந்து தந்தார். மணந்து பார்த்தேன், பாதி சாராயம். அன்பினால் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளியே கொண்டுபோய் ஊற்றினேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் எனக்குச் சொல்ல இரண்டே உண்டு. அளவை டொக்டரிடம் மறைக்காதீர்கள். குடியை வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தவும் முயலாதீர்கள்.

ஏழாவது வாரம் வீட்டுக்கு விட்டார்கள். இனி ஒரு சொட்டும் ஏலாது, குடித்தால் அடுத்த பெருநாள் இல்லை என்று டொக்டர் அத்தானிடமே சொன்னார். அத்தான் தலையாட்டினார். மேடையில் தலையாட்டுவது போலவே இருந்ததால் நாங்கள் யாரும் அதை நம்பவில்லை.

அடுத்த வருடம் வெள்ளுடுப்பு வந்தது. அரங்கேற்றத்துக்கு முன், வேடமில்லாமல் வெள்ளை வேட்டியோடு ஆடிப் பார்க்கும் கடைசி ஒத்திகை அது; பின்னேரம் நடக்கும். அன்று ராசா ஆடுகளமான களரிக்குள் இறங்க முன், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் தன் கையாலேயே அவருக்கு ஒரு கிளாஸ் சாராயம் கொடுப்பார். எங்கள் பக்கத்துக் கூத்துக்காரரின் மரியாதை அது. மறுப்பது அண்ணாவியாரை அவமதிப்பது.

அண்ணாவியார் நீட்டினார். அத்தான் வாங்கினார். அக்கா எழுந்து நின்றுவிட்டார். மத்தளக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

அத்தான் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அண்ணாவியாரிடமே திருப்பி நீட்டினார்.

"நீங்கள் குடியுங்கோ அண்ணாவியார். ராசா கட்டளை."

முதலில் சிரித்தவர் மத்தளக்காரர். அண்ணாவியார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

அத்தான் வரவு ஆடினார். வரவென்பது பாத்திரம் முதன்முதல் களரிக்கு வரும் ஆட்டம். இரண்டாம் பாட்டில் ஓர் அடி மறந்தது. அண்ணாவியார் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். முடித்து வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, இண்டைக்கு வரவை நீட்டிப்போட்டாங்களோ? முடியுதேயில்ல. முழங்கால் நோகுது. முந்தி எனக்கு முழங்கால் இருக்கிறதே தெரியாது."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். பதினொரு நிமிடம். எப்போதும் அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் காலைத் தடவிக்கொண்டு, "பதினொண்டு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அவர் விட்டுக்கொடுக்க, அரங்கேற்றத்தில் ராசாவாக வேறொருவர் ஆடினார். அத்தான் அதன்பின் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார்.