நம்ம கடை

திறப்பு விழா அன்று என் கையில் ஒரு கறுப்பு டீ-சர்ட்டைக் கொடுத்தார்கள். நெஞ்சில் பாரின் பெயர். சப்ளை செய்கிற ஆட்களுக்கும் அதேதான். முதலாளிமாரும் இன்றைக்கு இதைத்தான் போடுவார்கள் போல என்று எண்ணி, பாத்ரூமுக்குள் போய், மனைவி தேய்த்துத் தந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

பார் நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு ஹோட்டலின் மாடியில் இருந்தது. குடிக்க வருகிறவர்கள் பழைய காலத்து வீடியோ கேம் மிஷின்களில் விளையாடலாம் என்பதுதான் அங்கே விசேஷம். காசு போட்டு நின்றபடி விளையாடுகிற, அலமாரி அளவு மிஷின்கள். 2004-இல் நானும் இந்தப் பாரைத் தொடங்கிய நண்பனும் ஐடிஐ-யில் படித்தபோது, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வடசேரியில் ஒரு கடையில் இந்த மிஷின்களே கதி என்று கிடந்தோம். பிறகு அவன் துபாய் போனான். நான் இரணியலில் டிவி ரிப்பேர் கடை போட்டேன். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தவன், ஒருநாள் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான்.

"நம்ம கடை ஒண்ணு வருது மக்கா. மிஷின் எல்லாம் நீதான் பாக்கணும், கேட்டியா?" என்றான்.

நம்ம. அந்தச் சொல்லில்தான் நான் கவிழ்ந்தேன். எங்கள் ஊரில் எவனும் 'என் வீடு' என்று சொல்லமாட்டான், 'நம்ம வீடு' என்பான். அதைக் கேட்டுவிட்டு யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு குடியேறப் போவதில்லை. இது எனக்குத் தெரியாததா? டிவி தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நானே 'நம்ம கடையில வச்சிட்டுப் போங்க' என்று சொல்கிறவன்தான். ஆனால் அவன் சொன்னபோது மட்டும், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று காதில் விழுந்துவிட்டது. விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன், விழுந்தது.

ஆறு மாதம் உழைத்தேன். அருமனையில் ஒரு ரப்பர் ஷெட்டுக்குள் இரண்டு மிஷின் கிடந்தது. திருவனந்தபுரத்துப் பழைய இரும்புக் கடைகளில் நான்கு கிடைத்தது. எலி கடித்த வயரை எல்லாம் மாற்றி, செத்த போர்டுகளுக்கு உயிர் கொடுத்தேன். கூலி கேட்கவில்லை. சொந்தக் கடையில் எவனாவது கூலி வாங்குவானா? இரணியல் கடையைக் காலி செய்து கட்டிடக்காரரிடம் சாவியையும் கொடுத்துவிட்டேன்.

மனைவி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "பங்குண்ணு வாயத் தொறந்து சொன்னாரா? இல்ல, நம்ம கடைண்ணு மட்டும்தான் சொன்னாரா?"

பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

திறப்பு விழா அன்று மாலை கூட்டம் நன்றாகவே இருந்தது. ஆறு மிஷினும் வரிசையாக மினுங்கின. அவன் கோட்டு போட்டிருந்தான். வந்தவர்களிடம் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தான். தன் மனைவியின் அண்ணனைக் காட்டி, "இது மச்சான். பார்ட்னர்" என்றான். ஆக, பார்ட்னர் என்ற சொல் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகு என் தோளில் கையைப் போட்டு, "இது நம்ம மெக்கானிக்கு" என்றான்.

அவனை ஓரமாக அழைத்துக்கொண்டுபோய், எனக்கு இதில் பங்கு உண்டா இல்லையா என்று கேட்டேன்.

"பங்கா? அப்படி நான் எப்ப மக்கா சொன்னேன்?"

அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே திகைத்துப்போய் நின்றான். ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம், நாலு பேர் முன்னால் நாறடித்திருக்கலாம். அவன் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. பேச்சு வழக்கை நம்பி ஆறு மாதம் உழைத்தவனுக்கு யார் நியாயம் சொல்வது?

அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். கார் ஓட்டுகிற மிஷினில் படம் போய்விட்டதாம். அவன் என்னைப் பார்த்தான். நானே போய் முட்டி போட்டு, பின்பலகையைக் கழற்றி, விட்டுப்போன வயரைச் சேர்த்தேன். படம் வந்தது. எல்லோரும் கை தட்டி அவனுக்குக் கை கொடுத்தார்கள்.

இரணியல் கடையில் அதற்குள் வேறொருவன் மொபைல் ரீசார்ஜ் கடை போட்டிருந்தான். இரண்டு நாள் வீட்டில் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் பாருக்குப் போய், நண்பனிடம் மாசச் சம்பளத்துக்கு வேலை கேட்டேன். உடனே சரி என்றான். நான் "தாங்க்ஸ்" என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் தாங்க்ஸ் அதுதான்.