ஸ்டெல்லா வீட்டு மெதுவான கம்ப்யூட்டர்

ஃப்ளாப்பியை உள்ளே தள்ளியதும் 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதைக் கேட்டதும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். திறக்குமா, திறக்காதா...

ஹைதராபாத்தில் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். ப்ராஜெக்ட்டில் நானும் ஸ்டெல்லாவும் ஜோடி. என் வீடு அல்வாலில், அப்பா மாற்றலாகி வந்து நாலு வருஷம். அவள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். தாத்தா காலத்திலேயே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம்.

லேபில் ஐந்து கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகம். ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்ன வேலைகளாக உடைத்து, எதை எந்த மெஷினுக்குக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று எங்கள் ப்ரோக்ராம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ரிவ்யூ. ஐந்தும் சேர்ந்து ஒற்றை மெஷினை ஜெயிக்காவிட்டால் இன்னொரு செமஸ்டர் என்று சொல்லிவிட்டார் கைடு. ஸ்டெல்லாவுக்குக் கையில் வேலை ஆர்டர் வேறு. படிப்பு முடிந்தால்தான் சேர முடியும்.

கனமான வேலை எல்லாம் வேகமான மெஷினுக்கு... இது என் யோசனை. ஓட்டிப் பார்த்தோம். ஒற்றை மெஷினே முந்தியது! ஒன்றின் விடை இன்னொரு மெஷினுக்குப் போய்ச் சேரும்வரை அது சும்மா காத்துக்கிடந்தது.

ஓயாமல் கொடுக்கல் வாங்கல் உள்ள வேலைகளை ஒரே கும்பலாகக் கட்டி, ஒரே மெஷினில் போடலாம் என்றாள் ஸ்டெல்லா. கும்பல் கட்டுவது அவள் கோட், கும்பல்களை மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என் கோட்.

என் வீட்டில் புதுசாக வாங்கிய கம்ப்யூட்டர். அவளுடையது யாரோ தள்ளிவிட்ட பழைய செட். எனக்குத் திமிர். "என் பார்ட்ட நான் வீட்லயே பண்றேன்டீ" என்று கிளம்பிவிட்டேன்.

அவள் மாற்றினால் என்னுடையது உடையும், நான் மாற்றினால் அவளுடையது. ஒவ்வொரு தடவையும் ஃப்ளாப்பியும் பஸ்ஸும். புதன்கிழமை லாலாகுடாவில் இறங்கி, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி வெளியே வந்த சைக்கிள் கூட்டம் போகும்வரை நின்று, அவள் வீட்டில் ஃப்ளாப்பியைப் போட்டால்... கர்ர். திறக்கவே இல்லை. அழுதுவிட்டேன்.

"இருடீ, போய் மறுபடி காப்பி பண்ணிட்டு வரேன்."

"நக்கோ டீ, வேணாம்! ரெண்டு நாளா வேலை ஓடுச்சா, பஸ் ஓடுச்சா? எந்த வேலைய எங்க போடணும்னு ஊருக்கே சொல்லப் போறோம்... நம்மள எங்க போடணும்னு தெரியல பாரு. இங்கயே உக்காரு."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டு உட்கார்ந்தேன். ஒரே நாற்காலி, ஆளுக்குப் பாதி. என் பங்கை முதலிலிருந்து எழுதினோம். அந்த மெஷின் ஒரு தடவை ஓடி முடிப்பதற்குள் அவள் அம்மா தோசை சுட்டுக் கொடுத்து, தட்டையும் கழுவி வைத்துவிடுவார். ஆனால் நான் "இங்க ஏன்டீ..." என்று ஆரம்பிக்கும்போதே அவள் திருத்தியிருப்பாள். வெள்ளிக்கிழமை முடித்துவிட்டோம்.

சனிக்கிழமை ஐந்தும் சேர்ந்து ஜெயித்தன. கொஞ்சம்தான், ஆனால் போதும்! அந்த மாசமே ஸ்டெல்லா வேலையில் சேர்ந்தாள்.

இப்போது அவள் கனடாவில். நான் அதே அல்வாலில். எங்கள் கையிலிருக்கும் போன் அந்த லேப் மொத்தத்தையும்விட வேகம். போன மாசம் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டிருந்தேன். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது... "சாரி டீ, பிஸி." கோபமெல்லாம் இல்லை. நானும் அவளுக்கு அப்படித்தான் பதில் போடுகிறேன்.

ஸ்டெல்லா, இதைப் படிச்சா... வேகமான மெஷின் நமக்கு நக்கோ டீ. ஒரு தடவை வந்து பக்கத்துல உக்காரு. பாதி நாற்காலி போதும்.