திரைக்குப் பின்னால் நின்ற கெர்லின்

ரைன் நதிக்கரைக் கன்னியர் மடத்தில் கெர்லின் இருபது வருஷமாகச் சாம்பல் தண்ணீரில் துணி துவைத்து வந்தாள். பண்ணையாளின் மகள், மடத்துக்கு வேலைக்கு வந்தவள். பாடற்குழுவில் நிற்கும் உரிமை பிரபு வீட்டுப் பெண்களுக்குத்தான். கெர்லின் போன்றவர்கள் கோயிலின் கடைசியில் நின்று வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கடவுள்கூடக் குலம் பார்த்துத்தான் காது கொடுப்பார் போலிருக்கிறது.

அவளிடம் ஒரு மெட்டு இருந்தது. மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகளைத் தூங்கவைக்க அவளே கட்டியது. துவைக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பாள். மடத்துத் தலைவி வால்ட்ராடா பாட்டு, மருந்து, வானசாஸ்திரம் என்று எழுதித் தள்ளுகிறவள். ஒருநாள் சலவைக்கூடத்து வாசலில் நின்று அதைக் கேட்டாள். அடுத்த மாதமே அந்த மெட்டு லத்தீன் வார்த்தைகளோடு மாதா பாட்டாக வந்தது. வானத்திலிருந்து தனக்கு இறங்கியதாம்.

கெர்லின் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தாயே, மாதா திருநாளன்னிக்கு ஒரே ஒரு தடவ நானும் குழுவுல நின்னு பாடிக்கிறேனே. அது எம் புள்ளையோட பாட்டு."

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல, கெர்லின்? உன்னை அங்க நிறுத்தினா அந்தப் பொண்ணுங்களோட அப்பன்மாருக்கு யாரு பதில் சொல்றது?"

திருநாளன்று காலையில் முதற்பாடகி அடல்ஹைடுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த மாதா பாட்டின் உச்சத்தை எட்ட வேறு ஆள் இல்லை. கெர்லினைக் கூட்டிவந்து திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முன்னால் அடல்ஹைட் வாயை மட்டும் அசைத்தாள். மகளுக்குப் பாடியது போலவே கெர்லின் பாடினாள். பூசை முடிந்ததும், திருநாளுக்கு வந்திருந்த பிஷப் ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடல்ஹைடின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பக்கத்தில் நின்ற தலைவி அதற்கு ஆமென் சொன்னாள். திரைக்குப் பின்னால் நின்றவளுக்குப் பெற்ற வயிறு எரியாதா?

மறுநாளிலிருந்து கெர்லின் முணுமுணுப்பதை விட்டாள். சலவைக்கூடத்தில் துணி அடிக்கும் சத்தம் மட்டும்தான். ஈஸ்டருக்குப் புதுப்பாட்டு வேண்டுமே, தலைவி நாலைந்து தடவை வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"என்ன கெர்லின், இப்பல்லாம் பாட்டே காணோம்?"

கெர்லின் நிமிராமல் படுக்கை விரிப்பைப் பிழிந்தாள்.

"அடல்ஹைட் அம்மாவப் பாடச் சொல்லுங்க தாயே. ஆயரே மெச்சின கொரலாச்சே."

அந்த ஈஸ்டருக்குப் பழைய பாட்டைத்தான் பாடினார்கள். கெர்லின் அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாள். ஒருநாளும் பாடவில்லை, வருஷாவருஷம் வரும் மகளின் நினைவு நாளில்கூட.