ஒரு விரலால் காட்டுங்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆலையில் பம்பரம் என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மனிதர் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பார். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. உயரத்தில் விட்டதை வேகத்தில் பிடிக்கிறார் என்பாள் அக்கா. அவள் அவரைவிட அரை அங்குலம் குள்ளம் என்பது வேறு விஷயம்.

சட்டை தைக்கிற ஆலையில் அவர் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, மேலே அளவு வரைந்த தாளை ஒட்டி, வெட்டும் இயந்திரத்தை அந்தக் கோட்டின் மேலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நூல் பிசகினால் நூறு சட்டைக்கும் கை கோணல். ஒன்பது வருஷம் உதவியாளராக இருந்துவிட்டுத்தான் மாஸ்டர் ஆனார். ஆகி இரண்டு மாதத்தில் வலி வந்தது.

மேல்வயிற்றில், வலது விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே. எரிச்சல் இல்லை, வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. வலி மட்டும்.

அவருடைய அண்ணனுக்கும் அங்கேதான் தொடங்கியது. ‘வாயுவா இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கட்டி என்று தெரிந்த மூன்றாம் மாதம் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. மாமாவுக்கு வலி தொடங்கியபோது நாற்பத்தைந்து. இந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் மனசுக்குள் போட்டுப் பார்த்திருந்தோம்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டால் ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை சும்மா. அதனால் மாமாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. வேன் நிற்கும் முன்பே கதவைத் திறந்து இறங்குவார். டோக்கன் பதினெட்டு என்றால், மூன்றாவது ஆள் உள்ளே போகும்போதே எழுந்து நிற்பார். காத்திருக்கும் கூடத்தில் அவர் நடந்த நடைக்கு, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “தம்பி, எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் உக்காருப்பா” என்றே கேட்டுவிட்டார்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். நார்மல், நார்மல், நார்மல். வேறு யாராவது என்றால் சந்தோஷப்படுவார்கள். மாமாவுக்கு ஒவ்வொரு நார்மலும் பயத்தைக் கூட்டியது.

“மறைஞ்சு நிக்குது மாப்ள. அண்ணனுக்கும் மொத ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல.”

“அது பழைய மெஷின் மாமா.”

“நோய் பழசுதானே.”



டாக்டர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: “என்ன சாப்பிடறீங்க?” அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அக்கா சமையலறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். முதலில் மிளகாய் போனது. பிறகு எண்ணெய், டீ, காபி, பருப்பு. கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் கஞ்சியில் வந்து நின்றது. தனக்கென்று தனியாகச் சமைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆறு மாதத்தில் இருவருமே இளைத்துப் போனார்கள். மாமா இளைப்பதைப் பார்த்து அக்கா பயந்தாள். அக்கா பயப்படுவதைப் பார்த்து மாமா இன்னும் நடந்தார்.

நடுவில் ஒரு நல்ல காலமும் வந்தது. ஆலையில் இஸ்திரிக்கு நீராவி தரும் கொதிகலனைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டு பன்னிரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஏதோ வேரை அரைத்துக் கொடுத்திருந்தார். வலி பாதியாகக் குறைந்துவிட்டது. வேர் கொடுத்தவரை அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆலை திறந்து நாலாம் நாள் வலி திரும்பி வந்தது. விடுமுறையின் கடைசி நாளில் மாமா ஆசைக்கு ஒரு டீ குடித்திருந்தார். பழி டீயின் மேல் விழுந்தது. “ஒரு வாய்க் கட்டுப்பாடு இல்லையா?” என்று நானும்தான் திட்டினேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாற்பத்தாறாவது பிறந்தநாள் வந்து போனது.  மறுவாரம் அவர், வேன் சாவியைப் பார்த்தபடி, “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க அக்காவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு மாப்ள. தனியா இருக்க மாட்டா” என்றார். நான் எரிந்து விழுந்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கடைசியாகப் போன இடத்தில், எதற்கும் பித்தப்பையை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அதற்காக அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. சின்ன அறை, ஒரு மேசை, உயரமான பரிசோதனைக் கட்டில், ஏறுவதற்கு ஒரு படி. எங்கள் கோப்பைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். ஒன்றரை வருஷத்தில் அதைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

“என்ன சாப்பிடறீங்கன்னு கேக்கப் போறதில்லை” என்றார். “வலி எங்கே?”

மாமா வழக்கம்போல வயிறு முழுக்கக் கையால் வட்டம் போட்டார்.

“கை வேண்டாம். ஒரு விரலால காட்டுங்க.”

மாமா யோசித்தார். பிறகு ஆள்காட்டி விரலை ஓர் இடத்தில் ஊன்றினார். துணியில் குறி வைக்கிற மாதிரி அத்தனை துல்லியம். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, டாக்டர் அதே இடத்தில் தன் விரலை வைத்து அழுத்தினார்.

“வலிக்குதா?”

“ஆமாங்க.”

“இப்போ கையை ஊன்றாம, தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க.”

மாமா தூக்கினார். “ஐயோ!” என்று ஒரு கத்தல். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் சிரித்துவிட்டார். “கோவிச்சுக்காதீங்க. உள்ளே இருக்கிற உறுப்புல வலின்னா, தசை இறுகும்போது அதை மூடிடும், வலி குறையணும். உங்களுக்குக் கூடுது. வலி உள்ளே இல்லை, மேல் சுவர்ல இருக்கு. தசை வழியா வர்ற ஒரு சின்ன நரம்பு நசுங்கியிருக்கு. பித்தப்பை பாவம், அதை விட்டுடலாம்.”

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையை நான் கேட்டிருக்கிறேன். மேல் சுவரில் இருந்த வலியை உள்ளே ஸ்கேனில் தேடிய கதை அன்றுதான் தெரிந்தது.

அவர் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டார். பத்து நிமிஷம் கழித்து, “எழுந்து நடங்க” என்றார். மாமா நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். தன் வயிற்றைத் தானே குத்திப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எங்கண்ணன்...” என்று தொடங்கி முடிக்க முடியவில்லை.

“கோப்புல எழுதியிருக்கு, படிச்சேன்” என்றார் டாக்டர். “அது வேற நோய். அது இருக்கான்னு எல்லாரும் நல்லாத் தேடிட்டாங்க. இல்லை. இன்னும் ஒண்ணு ரெண்டு ஊசி தேவைப்படலாம். ஆனா அந்த நரம்பு எதனால நசுங்குதுன்னு தெரியாம விட்டா மறுபடி வரும். என்ன வேலை பாக்கறீங்க?”

சொன்னார்.

“எப்படி நிப்பீங்க? இந்தக் கட்டில்தான் மேசைன்னு வெச்சுக்கங்க.”

மாமா கட்டிலின் முன் நின்று, அந்தப் பக்கத்துக் கோட்டை வெட்டுவதுபோல வலது கையை நீட்டிக் குனிந்தார். கட்டிலின் விளிம்பு விலாவுக்குக் கீழே, ஊசி போட்ட பஞ்சின் மேல் சரியாக வந்து பதிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?”

“எட்டு மணி நேரம்.”

“எத்தனை வருஷமா இப்படி?”

மாமா கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.  “யோசிச்சுச் சொல்றேங்க” என்றார்.

 வீட்டுக்குள் போனதும் மாமா நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார். அக்கா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டி அவளுக்கு உயரம்; அதனால் காலடியில் ஒரு பலகை போட்டு அதன் மேல் நிற்பாள். நாலு அங்குலக் கனம், ஓரமெல்லாம் தேய்ந்த பலகை. ஒன்றரை வருஷமாக மாமா தட்டோடு நடக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தார்.

“அது என்னோடது” என்றார் மாமா.

“எது?”

“அந்தப் பலகை. ஆலையில சும்மா கிடந்துச்சுன்னு சொன்னது பொய். ஒன்பது வருஷம் அது மேல நின்னுதான் வெட்டினேன். மாஸ்டரான அன்னிக்கு, எனக்கு உதவியாளா வந்த நெட்டையன் ‘மாஸ்டருக்கு மேடை போட்டாச்சு’ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கே தூக்கிட்டு வந்துட்டேன்.”

டாக்டர் சொன்னதையும், பலகை இல்லாமல் மேசை விளிம்பு அந்த நரம்பை நசுக்கியதையும் நான் சொல்லி முடித்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அக்கா மகிழ்வாள் என எதிர்பார்த்தேன். அவள் கை ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

“ஒன்றரை வருஷம்” என்றாள். “தினம் நீங்க தூங்கினப்புறம் மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்தேன். நாலு அங்குலத்துக்காகவா?”

மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.  அக்கா பலகையிலிருந்து இறங்கினாள். அதைத் தொட்டியில் வைத்துத் தேய்த்துக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் காலை மாமா அதைப் பழைய போர்வையில் சுற்றினார். அக்கா வந்து போர்வையை உருவிக்கொண்டாள். “எல்லாருக்கும் தெரியும்படி எடுத்துட்டுப் போங்க.” அப்படியே தோளில் வைத்துக்கொண்டு என் வேனில் ஏறினார். பிள்ளைகள், “அங்கிள், இது எதுக்கு?” என்று கேட்டார்கள். “நிக்கிறதுக்கு” என்றார்.

எனக்கும் பார்க்க ஆசை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவரோடு ஆலையின் கட்டிங் கூடத்து வாசல்வரை போனேன். உள்ளே அவர் பலகையைத் தரையில் போட்டபோது இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டையன் சிரித்தான். “என்ன மாஸ்டர், மறுபடி மேடையா?”

“ஆமாடா. நல்லாப் பாத்துக்க.”

ஏறி நின்றார். மேசை விளிம்பு இடுப்புக்கு இறங்கிப் போயிற்று. குனிந்து மறுபக்கத்துக் கோடுவரை கையை நீட்டினார். பிறகு நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, ஒரு விரலை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தி, ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். 

“பாத்திரம் அப்படியே கெடக்குடா, எனக்குத் தொட்டி எட்டலை” என்றாள்.  “வரும்போது ஒரு பலகை வாங்கிட்டு வா. கொஞ்சம் மிளகாயும்.”